எலிக்கு ஆறிய புண்

பெர்மாஸ் ஜெயாவில் அந்தக் கோயில் மண்டபத்துக்குள் ஷூவோடு நுழைய முடியாது என்பது, தன் மருந்து விற்பனைக் கூட்டத்துக்காக வாடகைக்கு எடுத்து விளம்பரமும் செய்த பிறகுதான் டாக்டர் கமலநாதனுக்கு உறைத்தது.

கழற்றவும் மாட்டாராம்.

"சாமிக்கு முன்னால நான் யாரு? இப்படி வாசல்லயே நின்னு பேசிடறேன்" என்றார். கூட்டம் உருகிப்போனது.

ஆக, படம் காட்டும் திரை முன்னால். டாக்டர் பின்னால், வாசற்படிக்கு வெளியே, தூணில் ஒரு கையை ஊன்றியபடி. நாற்பது கழுத்துகள் பூப்பந்து ஆட்டம் பார்ப்பதுபோல் இங்கும் அங்கும் திரும்பின.

கடைசி வரிசையில், வாசலை ஒட்டி அய்யாவு உட்கார்ந்திருந்தார். வலது கால் கட்டைவிரலில் நான்கு மாதமாக ஆறாத சர்க்கரைப் புண். திங்கட்கிழமை விரலை எடுத்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் பாதமே போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சம்மதப் படிவம் சட்டைப் பையில் மடிந்து கிடந்தது. கையெழுத்து இன்னும் விழவில்லை.

பக்கத்தில் மகள் சுபத்ரா. அவள் கையில் டாக்டர் விற்கும் பெப்டைட் ஊசிக்கான ஆர்டர் பாரம்.

"எடுத்த விரல் திரும்ப முளைக்குமாப்பா? இந்த ஊசிய ஒரு மாசம் போட்டுப் பார்ப்போமே."

திரையில் எலி வந்தது.

பெப்டைட் என்பது புரதத்தின் குட்டித் துண்டு என்றார் டாக்டர். உடம்பு தன் கிழிசலைத் தானே தைத்துக்கொள்ள இறைவன் கொடுத்த நூல் என்றார். அறுந்த தசைநார் ஒட்டிக்கொண்டது. புண் மூடிக்கொண்டது. மேலே முடிகூட முளைத்துவிட்டது.

எலிக்கு.

அடுத்த படத்திலும் எலி. அதற்கடுத்ததில் வேறோர் எலி. வசதியான வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்தது.

அய்யாவு காஹாங் ஊரில் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் முப்பது வருடம் எலி விஷம் வைத்தவர். கையைத் தூக்கினார்.

"எல்லாம் எலியாவே இருக்கே டாக்டர், மனுசனுக்குப் பார்த்தாங்களா?"

"மனித ஆய்வு போய்க்கிட்டு இருக்குது ஐயா. உலகமே காத்திருக்குது."

"எலிதான் காத்திருக்கல போல. அதான் எங்க தோட்டத்துல என்ன வெச்சாலும் சாகல லா!"

மண்டபம் சிரித்தது. சுபத்ரா அப்பாவின் தொடையைக் கிள்ளிவிட்டு, பயபக்தியோடு எழுந்து நின்றாள். டாக்டர் தனக்குப் போட்டுக்கொண்டதுண்டா என்று கேட்டாள்.

"நான்தாம்மா முதல் ஆளு! மூணு மாசமா, ஒரு நாள் தவறாம."

கைதட்டல் கூரையைத் தொட்டது. அதில் பொய்யே இல்லை என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. அதுதான் அய்யாவுவைக் கொஞ்சம் அசைத்தது.

இடைவேளையில் சுபத்ரா பாரத்தை அப்பாவிடம் கொடுத்துவிட்டுத் தேநீர் எடுக்கப் போனாள். அய்யாவு மெல்ல எழுந்து வாசலுக்கு வந்து பேனா கேட்டார்.

டாக்டரின் முகம் மலர்ந்தது. தங்க நிறப் பேனா ஒன்று வெளியே வந்தது.

அய்யாவு வாசற்படியில் உட்கார்ந்து, ஆர்டர் பாரத்தை முழங்காலில் விரித்தார். கண்ணுக்கு நேரே டாக்டரின் இரண்டு ஷூக்கள். இரண்டும் கறுப்பு. இரண்டும் முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு.

வலது ஷூ மட்டும் இரண்டு அளவு பெரியது.

அதன் விளிம்புக்கு மேலே விரலகலத்துக்கு வெள்ளைத் துணிக்கட்டு; அதில் மஞ்சள் மருந்து ஊறியிருந்தது. குதிகால் மட்டுமே தரையில் ஊன்றியிருந்தது. அய்யாவுக்கு அந்த நிற்பு தெரியும்; நான்கு மாதமாக அவர் நிற்பதும் அப்படித்தான்.

ஆர்டர் பாரத்தை மடித்தார். சட்டைப் பையிலிருந்து ஆஸ்பத்திரிப் படிவத்தை எடுத்தார். கையெழுத்துப் போட்டார்.

டாக்டர் தலைகீழாகவே அதைப் படித்துவிட்டார். உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு மைக்கை அணைத்துவிட்டுக் குனிந்தார்.

"ஐயா... அங்க இப்ப பேர் கொடுத்தா, சீக்கிரம் பார்ப்பாங்களா?"

அய்யாவு பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"திங்கட்கிழமை காலைல ஏழுக்கே வந்துடுங்க தம்பி, நம்பர் எடுக்கணும். சிலிப்பர் போட்டுக்கிட்டு வாங்க. அங்கேயும் ஷூவக் கழட்டத்தான் சொல்வாங்க."