ஒரு கை சருகு

"நீங்கதான் தண்ணிய ஊத்தி ஊத்தி..."

"நான் எதுக்கு ஊத்தப் போறேன்? நீதான் புளிச்ச மோரை..."

"மோர் ஊத்தினா நாறாது. சீக்கிரம் மக்கட்டும்னுதான் அதை ஊத்தறது. இது தெருக்கோடி வரைக்கும் நாறுதுங்க."

"நாறுதுன்னா தூக்கிப் போடு. எருவுதானே? மூட்டை மூட்டையா விக்கிறான்."

இரும்புலியூரில் நாலு மாடிக் குடியிருப்பின் உச்சியில், வெயில் ஏறுவதற்குள்ளேயே மெஹர் பானுவுக்கும் அவள் வீட்டுக்காரர் கலீலுக்கும் பேச்சு முற்றிவிட்டிருந்தது. இருவருக்கும் நடுவில், சமையல் கழிவை எருவாக மக்கவைக்கிற, பக்கமெல்லாம் துளை போட்ட நீல டிரம்.

கீழ் வீட்டு ஜெயஸ்ரீ வாட்ஸ்அப் குழுவில் மூக்கைப் பொத்திய பொம்மையைப் போட்டுவிட்டாள். செயலாளர் தயாளன் நேரிலேயே வந்து, "பாயம்மா, ஞாயித்துக்கிழமைக்குள்ள எடுத்துடுங்க, என்னைக் கெட்டவனாக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

டிரம் போனால் எரு இல்லை. எரு இல்லாவிட்டால் கைப்பிடிச் சுவரோரம் அரிசிப் பைகளில் நிற்கிற சிறுகீரையும் தக்காளியும் இல்லை.

ஆஸ்பத்திரியில் கலீலின் தொண்டைப் புற்றுக்குக் கரண்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பிய அன்றே பானு முடிவு செய்துவிட்டாள், இனி இந்த மனுஷன் வயிற்றுக்குள் மருந்தடித்த இலை ஒன்றுகூடப் போகக் கூடாது என்று. தோலும் காம்பும் சேர்த்து, முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டு, புங்கமரத்துச் சருகைக் கூட்டி அள்ளி வந்து, அவளாகவே பழகிக்கொண்ட வேலை இது.

கலீலுக்கும் பழக்கிவிட்டாள். ஒவ்வொரு முறை போட்டதும் மேலே ஒரு கை சருகு தூவணும், போட்டது வெளியே தெரியக் கூடாது, அப்புறம் அடியோடு கிளறிவிடணும். கீழே புழுங்குகிறது என்று சாப்பாட்டுத் தட்டோடு மாடிக்கு வந்துவிடுகிற மனுஷன், எரு வேலையையும் தானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவளுக்கும் மூட்டுவலி. சரி என்று விட்டுவிட்டாள்.

"இது பச்சைத் தோல் நாத்தம் இல்ல. வெந்த நாத்தம். ஆக்கின சோத்தை யாரோ இதுல கொட்டறாங்க."

"அதேதான். கீழ் வூட்டு வேலைக்காரியாத்தான் இருக்கும்."

"அப்போ அதைக் கையில எடுத்துட்டுப் போயி அந்த ஜெயஸ்ரீ முன்னாடியே காட்டறேன். யார் நாத்தம்னு அவளே சொல்லட்டும்."

"கைய விடாத, பானு. புழு வெச்சிருக்கும். நான் இன்னைக்கே குப்பை வண்டியில ஏத்திடறேன், போதுமா?"

அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு மூடியைத் திறந்தாள்.

மேலே சருகு. அதை ஒதுக்கினால் வெள்ளையாக இடியாப்பம், தேங்காய்ப்பாலில் ஊறி நொதித்துக்கொண்டு.

நேற்று ராத்திரி அவள் பிழிந்த இடியாப்பம்.

மறுபடி சருகு. அதன் கீழே சோற்றில் பிசைந்த சிறுகீரை. இந்த மாடியில் முளைத்த கீரை. மிளகாய் கிள்ளாமல், குழந்தைக்குக் கடைகிற மாதிரி கடைந்து, அவள் கையாலேயே பிசைந்து கொடுத்தது.

கிளறியே இருக்கவில்லை. கிளறியிருந்தால் எல்லாம் ஒன்றாகக் கலந்து போயிருக்கும். அடுக்கு அடுக்காக, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கை சருகு, அவள் சொல்லிக்கொடுத்தபடியே.

ஜெயஸ்ரீ வீட்டில் முட்டைகூட வேகாது. அடுத்த அடுக்கில் பானுவின் விரலில் தட்டுப்பட்டது நல்லி எலும்பு.

கலீல் நல்லி தின்கிற சத்தத்துக்கு அவள் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறாள். தட்டு விளிம்பில் தட்டி, உறிஞ்சி, மறுபடி தட்டி, எலும்பு குழல் மாதிரி ஆகிற வரைக்கும் விடமாட்டார். "பக்கத்து வூட்டுக்காரன் கதவைத் தட்டறதா நெனச்சுக்கப் போறான்" என்று மானத்தை வாங்குவாள்.

வெயிலில் பிடித்துப் பார்த்தாள். நல்லி அடைத்தபடி அப்படியே இருந்தது.

"உங்க அத்தா தட்டைக் கழுவவே வேணாம்டி, அவ்ளோ சுத்தமா வருது" என்று முந்தாநாள்கூட மகள் மெஹ்ரீனிடம் போனில் சிரித்திருந்தாள். சட்டைக் காலருக்குள் அவர் கழுத்து தனியாக நிற்பதைப் பார்க்கிறபோதெல்லாம், சாப்பிடறாரே, மெதுவாத் தேறிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்றுதான். சாப்பாடு இறங்குகிற வரைக்கும் பயமில்லை. இறங்கவில்லையென்றால் உடனே கொண்டு வந்துவிடுங்கள், ஆனால் அதற்கு மேல் எங்கள் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை.

அதைச் சொன்னபோது கலீலும் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் தண்ணீர்த் தொட்டியின் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டீ இறங்குது" என்றார். "டீ நல்லாவே இறங்குது, பானு. அங்க மட்டும் மறுபடி வேணாம்."

ஜி.எஸ்.டி. சாலையில் ஏதோ பஸ் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது ஓயும்வரை அவள் எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

பிறகு அதை எடுத்த இடத்திலேயே வைத்தாள். கீரையையும் இடியாப்பத்தையும் அதன் மேல் தள்ளினாள். மூலையில் இருந்த சாக்கிலிருந்து ஒரு கை சருகை அள்ளி, ஒன்றும் வெளியே தெரியாதபடி தூவினாள்.

மூடியை அழுத்தி மூடிவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே, தினமும் இந்த நேரத்துக்குக் கேட்கிற மாதிரியே கேட்டாள்.

"மத்தியானத்துக்கு இன்னா ஆக்கட்டும்?"