உலோகனின் தலை

இன்னும் கொஞ்ச நேரத்தில் தலையைக் கழற்றிவிடுவார்கள். அதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். மாமனார் மாடிப்படிக்கு அடியில் குனிந்து ஃபியூஸைப் பிடுங்கினார்.

ஹாலில் மின்விசிறி நின்றது. டிவி அணைந்தது.

"கரெண்ட் போயிடுச்சு" என்று மாப்பிள்ளையின் குரல் கேட்டது. "சரியா உலோகன் தலையைக் கழட்டப் போற இடத்துல."

மாமனாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

'வான்படகு' தொடர் டிவியில் வந்த காலத்தில், அது ஓடும் அரை மணி நேரமும் தெருவில் ஈ காக்கை நடமாடாது. அதில் வரும் இயந்திர மனிதன்தான் உலோகன். வாரம் தவறாமல் பூமியைக் காப்பாற்றுவான். அந்தத் தகர உடைக்குள் இருப்பது யார் என்று டிவி நிலையம் கடைசிவரை வாய் திறக்கவில்லை. டைட்டிலில்கூட 'உலோகனாக: உலோகன்' என்றுதான் போடுவார்கள்.

அந்தச் சந்தில் புகுந்தவர்தான் மாமனார். அப்போது அவர் டிவி நிலையத்துக்கு எதிர்க் கட்டடத்தில் டைப்பிஸ்ட். பஸ் ஸ்டாப்பில் தினமும் பார்க்கும் பெண்ணிடம் பேச வேறு விஷயம் கிடைக்காமல், "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, நான்தான் உலோகன்" என்று ஒரு நாள் அள்ளிவிட்டார். அந்தப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சிரித்தாள். அடுத்த வருடமே கல்யாணம்.

அதற்குப் பிறகு பொய்யை வாபஸ் வாங்க வழியில்லாமல் போயிற்று. மகள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னாள். மகளுக்கு வாய்த்த மாப்பிள்ளையோ, வான்படகு ரசிகர் மன்றச் செயலாளர். பெண் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு, "உலோகன் பொண்ணாச்சே" என்று பதில் சொன்னவர்.

இப்போது மாமனார் அந்த மன்றத்தின் கௌரவத் தலைவர். ஆண்டு விழா மேடையில் உலோகன் போலக் குரலை மாற்றிக்கொண்டு, "ஆணை ஏற்கப்பட்டது" என்று அவர் சொன்னால் போதும். நரைத்த தலைகள் எல்லாம் எழுந்து நின்று கைதட்டும்.

தொடரில் பறக்கும் தட்டைத் தொங்கவிட்ட நூல் பளிச்சென்று தெரியும். அதை நூல் என்று சொன்ன இரண்டு பேரை மன்றத்தை விட்டே நீக்கிவிட்டார்கள். மன்றத்தின் தீர்ப்புப்படி அது ஈர்ப்புக் கதிர். நூலைச் சொன்னவனுக்கே இந்தக் கதி என்றால், போலி உலோகனுக்கு?

இன்று மாப்பிள்ளை, புதிதாக வெளிவந்திருக்கும் 'வான்படகு' டிவிடி பெட்டியோடு வந்து இறங்கியிருந்தார். காலையிலிருந்து குடும்பமே ஹாலில்தான். வினை கடைசி டிவிடியில் இருந்தது. படப்பிடிப்பின்போது எடுத்த காட்சிகளாம். 'முதன்முறையாக, உலோகன் தலையைக் கழற்றுகிறான்' என்று அட்டையிலேயே போட்டிருந்தார்கள்.

போதாக்குறைக்கு மாப்பிள்ளை நடுநடுவே சந்தேகம் வேறு கேட்டுக்கொண்டிருந்தார். "மாமா, உலோகன் கண்ணு ரெண்டும் சிவப்பு பல்பு. அப்புறம் உள்ளேருந்து எப்படிப் பார்த்தீங்க?"

மாமனார் அவசரமாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். சமையலறையிலிருந்து மனைவிதான் கைகொடுத்தாள். "கழுத்துல சல்லடை மாதிரி ஒண்ணு இருக்கும். அது வழியாத் தரை மட்டும்தான் தெரியும். அதான் உலோகன் அன்ன நடை நடப்பான்."

"ஆமாமா" என்றார் மாமனார். "நான் சொல்லிச் சொல்லி அவளுக்கே மனப்பாடம்." எப்போது சொன்னோம் என்பதுதான் அவருக்கு நினைவில்லை.

இப்போது மாடிப்படிக்கு அடியில் ஒரு நிழல் விழுந்தது. மனைவி.

"இங்க என்ன பண்றீங்க?"

"ஃபியூஸ் போயிடுச்சு போல. பார்க்கறேன்."

"எங்கேயும் போகல. உங்க கையிலதான் இருக்கு."

மாமனார் குரலைத் தாழ்த்திக் கெஞ்சினார். "இன்னைக்கு வேண்டாம்மா. என் மானமே போயிடும். மாப்பிள்ளை முகத்துல முழிக்க முடியாது."

"ஏன்?"

ஏன் என்று எப்படிச் சொல்வார்? அந்தப் பொய்யை முதலில் நம்பியவளே அவள்தானே. "அந்த வயசுல என் மூஞ்சி பார்க்கச் சகிக்காது" என்று மழுப்பினார்.

"பரவாயில்ல. எனக்குப் பார்க்கணும் போல இருக்கு." ஃபியூஸை வாங்கிச் செருகிவிட்டு, அவர் கையைப் பிடித்து ஹாலுக்கு இழுத்துப் போனாள்.

மகள் நகர்ந்து இடம் விட்டாள். மாப்பிள்ளை போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். "மன்றத்துக்கு நேரடியாப் போயிட்டிருக்கு மாமா. எல்லாரும் பார்க்கறாங்க. கொஞ்சம் கை காட்டுங்க."

மாமனார் கை காட்டினார். தூக்குமேடையில்கூட யாரும் அப்படிக் காட்டியிருக்க மாட்டார்கள்.

திரையில் தெர்மகோல் கிரகத்தின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து யாரோ டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். உலோகன் மெல்ல நடந்து வந்து நின்றான். இரண்டு பேர் அவன் கழுத்தில் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினார்கள்.

மாமனார் கண்களை இறுக மூடிக்கொண்டார். தகரம் உரசும் சத்தம்.

"மாமா..." என்று இழுத்தார் மாப்பிள்ளை. "உள்ளே இருக்கிறது யாரோ ஒரு பொண்ணு."

மாமனார் கண்ணைத் திறக்கவில்லை. பக்கத்தில் மனைவி நிதானமாகச் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

"அப்போ நான் கொஞ்சம் ஒல்லியா இருப்பேன், மாப்பிள்ளை."