கேப்ஸ் லாக் விளக்கு

திரை உறைந்ததும் பூங்கோதையின் சுண்டுவிரல் தானாகவே கேப்ஸ் லாக் விசைக்குப் போய்விடும். விசைப்பலகையின் மூலையிலிருக்கும் சின்ன விளக்கு எரிந்தால், உள்ளே இன்னும் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். அவளுடைய குழு புதிதாக எழுதிக்கொண்டிருந்த இயங்குதளத்தில் பதினோரு நாளாக அது எரியவே இல்லை. என்ன பிழை என்று ஒரு வார்த்தையும் சொல்லாமல், இயங்குதளத்தின் மையமான கெர்னல் அப்படியே நின்றுவிடும். கணினியின் வன்வட்டைப் படிப்பதற்காக சவரிராஜ் எழுதிய பகுதிதான் காரணம் என்று அவள்தான் முதலில் சொன்னாள், எல்லோரும் நம்பினார்கள். அன்றிலிருந்து அவன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுகிறான். நேற்று யாரிடமும் பேசாமல் ஒரு சோதனையைச் சேர்த்துவைத்தான்: உள்ளே எந்தப் பகுதியாவது பத்து நொடிக்கு மேல் மற்றவற்றைக் காக்கவைத்தால், அதன் பெயரைத் திரையில் எழுதிவிட்டு கெர்னல் தானே செயலிழந்து விழுந்துவிட வேண்டும். இன்று மதியம் விழுந்தது. திரை முழுக்க வெள்ளை எழுத்துகள். கடைசியில் அது வாய்திறந்துவிட்டதில் பூங்கோதைக்குத் தோளிலிருந்து எதையோ இறக்கிவைத்தது போலிருந்தது. “சவரி, விழுந்துருச்சு,” என்றாள். அவன் டப்பாவும் கையுமாக வந்து நின்றான். “யாரு பேரு வந்திருக்கு?” அவள் கடைசி வரியில் விரலை வைத்தாள். “நான் எழுதினது. மத்த பகுதி எதுவும் நுழையாம பூட்டிட்டு, ஒரு இடத்துல திறக்காமலே வெளிய வந்திருக்கேன்.” அவன் குனிந்து படித்தான், மறுபடியும் படித்தான். அவள் விரலை எடுக்கவில்லை. பிறகு அவன் ஒரு நாற்காலியை அவள் மேசைக்கு இழுத்துப்போட்டு டப்பாவைத் திறந்தான். “எலுமிச்சை சாதம். ஊறுகா எதுவும் வச்சிருக்கீங்களா?”