சீரங்கியின் நலம் விசாரிப்பு

சர்க்கரை டப்பாவுக்கும் சுவர் ஓட்டைக்கும் நடுவே எறும்புகள் வரிசையாகப் போய்வந்துகொண்டிருந்தன. எதிரே வருபவரை மீசையால் தொட்டு நலம் விசாரிப்பது அவற்றின் வழக்கம். சீரங்கி என்ற எறும்பு மட்டும் யாரையும் தொடாது. ஓரமாக ஒதுங்கி நின்றுவிடும்.

"அவளுக்குத் தலைக்கனம். நாளையிலேருந்து வரிசையில வர வேண்டாம்னு சொல்லிடுங்க," என்றது மூத்த எறும்பு ராக்கம்மா.

வரிசையில் நடப்பதுதான் சீரங்கிக்கு உலகத்திலேயே பிடித்த காரியம். அது வாடிப்போய் உட்கார்ந்துவிட்டது.

"ஏன்டி, எங்களைத் தொட்டா ஒட்டிக்குமா?" என்று கேட்டது பக்கத்து வளை மரிக்கொழுந்து.

"மீசை பட்டா உடம்பெல்லாம் கூசுதுக்கா. அதான் சுமையோட வர்றவங்களுக்கு வழி விட்டு நிக்கிறேன். நான் விசாரிக்கிறது அப்படித்தான்."

மரிக்கொழுந்து யோசித்தது. இத்தனை நாளில் அதற்கு வழி விட்டது சீரங்கி மட்டும்தான்.

மறுநாள், "இவ என்கூட வர்றா," என்று சொல்லி சீரங்கியை வரிசையில் சேர்த்துக்கொண்டது. அடுத்த நடையில் சீரங்கி சர்க்கரைக்குப் போக, மரிக்கொழுந்து சுமையோடு திரும்ப, இரண்டும் எதிரெதிரே வந்தன. சீரங்கி ஒதுங்கி நின்றது. மரிக்கொழுந்தும் ஒதுங்கி நின்றது.

"நீங்க போங்கக்கா."

"நீ போடி."

இரண்டுக்கும் நகர மனமில்லை. பின்னால் வரிசை முட்டிக்கொண்டு நின்றது.

"போச்சு," என்றது ராக்கம்மா. "இப்ப ரெண்டு பேருக்குத் தலைக்கனம்."