இரட்டை விசில்

தாழ்ப்பாளைப் போட்டார்.

டக்.

ஆகா, என்ன சத்தம் அது! இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது. திறந்து, மறுபடியும் போட்டார்.

மார்கழியில் இதே குளியலறையில் சோப்பை எடுக்கக் குனிந்து, வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்தது. அன்றிலிருந்து மகன்தான் குளிப்பாட்டிவிடுவான். கதவு ஆவென்று திறந்தே கிடக்கும். டவுன் பஸ்ஸில் கண்டக்டராக ஊரையே அதட்டி ஏற்றி இறக்கிய மனிதர், ஈரத்துண்டோடு கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருப்பார். வலியே தேவலை என்றிருக்கும்.

இன்று தனியாக.

மருமகள் சுகந்திதான் வழி பண்ணினாள். சுவரில் கைப்பிடி, தரையில் ரப்பர் விரிப்பு, நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி. கழற்றி வைத்திருந்த தாழ்ப்பாளையும் அவளே மாட்டினாள். சுத்தியல் பட்டு அவள் கட்டைவிரல் நாவற்பழம் போல வீங்கிவிட்டது.

பெட்டியின் அடியிலிருந்து அவருடைய பழைய விசிலையும் தேடி எடுத்துக் கழுத்தில் போட்டுவிட்டாள். அவ்வப்போது இரட்டை விசில் கொடுத்தால் நலம். ஒற்றை விசில் என்றால் அவள் ஓடி வருவாள்.

விசிலே வராவிட்டால் என்ன செய்வாய் என்று மகன் கேட்டான். அதற்கு மட்டும் அவள் பதில் சொல்லவில்லை.

முதல் குவளைத் தண்ணீர் தலையில் விழுந்தது.

சின்னப்பையன் போலக் கூவத் தோன்றியது. கூவாமல் இரட்டை விசில் கொடுத்தார்.

“ரைட்” என்றாள் வெளியிலிருந்து.

அப்போதுதான் சோப்பு நழுவியது. வழுக்கிக்கொண்டு கதவோரம் போய் நின்றது.

கை விசிலுக்குப் போனது. ஒன்று ஊதினால் போதும், வந்துவிடுவாள். நாளையிலிருந்து மறுபடி திறந்த கதவு. நான் அப்போதே சொன்னேனே என்பான் மகன்.

விசிலை விட்டார். குனியவும் இல்லை.

கைப்பிடியைப் பிடித்து நாற்காலியில் உட்கார்ந்தார். காலை நீட்டினார். எட்டவில்லை. இன்னும் நீட்டினார். பெருவிரல் நுனியில் சோப்பு தட்டுப்பட்டது.

வா. வா, ராசா.

வந்துவிட்டது!

சோப்பைக் கையில் எடுத்து நிமிர்ந்தபோது தாழ்ப்பாள் கண்ணுக்கு நேரே இருந்தது.

கதவில் நாலு திருகாணியும் இறுக்கமாக, அழகாக. தாழ் போய் மாட்டுகிற வளையம் நிலைச்சட்டத்தில் ஒரே ஆணியில் நின்றது. அதுவும் காலண்டர் மாட்டுகிற சின்ன ஆணி. வெளியிலிருந்து ஒரு தள்ளு தள்ளினால் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

என்ன லட்சணமான வேலை என்று சிரித்தார்.

சிரிப்பு பாதியில் நின்றது. விசிலே வராவிட்டால் என்று மகன் கேட்டது நினைவுக்கு வந்தது.

வெளியே வளையல் சத்தம் கேட்டது. கதவுக்கு வெகு பக்கத்தில்.

தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது மகனும் நின்றிருந்தான். அவள் வீங்கிய விரலைப் பிடித்துக்கொண்டு, தாழ்ப்பாள் எப்படி இருக்கிறது என்று தரையைப் பார்த்துக் கேட்டாள்.

“யானை வந்து முட்டுனாலும் அசையாதும்மா” என்றார்.

மறுநாள் தாழ்ப்பாளை மெதுவாக, மிக மெதுவாகப் போட்டார்.

டக் என்ற சத்தம் வரவில்லை.

வராவிட்டால் போகட்டும். இரட்டை விசில் கொடுத்துவிட்டுத் தண்ணீரை மொண்டார்.