நாலு அஞ்சு வண்டி

“எங்க அவன்?”

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அக்கா ஆரம்பித்துவிட்டாள். பின்னால் உளி, சுத்தியல், திருப்புளி எல்லாம் அடைத்த பையோடு தச்சர் நின்றிருந்தார். கையோடு ஆளைக் கூட்டிப் போனால்தான் காரியம் நடக்கும் என்பது, தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவளின் கணக்கு.

தம்பி மகள் போனில் அழாத குறையாகச் சொல்லியிருந்தாள்.

“அத்தை, அப்பா ரிட்டையரானதிலேர்ந்து ஹால் பூரா பொம்மை ரயில்தான். சோபா போச்சு, சாப்பாட்டு மேஜை போச்சு. சமையல் ரூமுக்குப் போகணும்னா அம்மா பலகைக்கு அடியில குனிஞ்சு போகணும். முட்டிவலியோட! நீங்க சொன்னாத்தான் அப்பா கேப்பாரு.”

தம்பி ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன். நேரம் என்று வந்துவிட்டால் அவனுக்குப் பெற்ற தாயும் ஒன்றுதான், பிச்சைக்காரனும் ஒன்றுதான். ஒருமுறை அவனுடைய மேலதிகாரி பிளாட்பாரத்தில் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே பச்சைக்கொடி காட்டி வண்டியை அனுப்பிவிட்டானாம். அதைச் சொல்லிச் சொல்லியே குடும்பத்தில் எல்லாரும் சிரிப்பார்கள்.

“டேய்!” என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போன அக்கா, திறந்த வாயை மூடாமல் நின்றுவிட்டாள்.

ஹாலுக்குள் ஒரு ஊரே இருந்தது.

வாசலை மட்டும் விட்டு, நாலு சுவரையும் ஒட்டி இடுப்பு உயரத்துக்குப் பலகை. அதன்மேல் மலை, ஆறு, பாலம். தண்டவாளம் மலையைக் குடைந்து, சுவரையும் குடைந்து, படுக்கையறைக்குள் போய் வேறொரு ஓட்டை வழியாகத் திரும்பி வந்தது. ஸ்டேஷன் கூரையில் ஓடுகளை ஒவ்வொன்றாக ஒட்டியிருந்தான். கொடியில் நகத்தளவு சட்டைகள் காய்ந்தன. பிளாட்பாரத்துக் குழாயடியில் ஒருவர் முகம் கழுவிக்கொண்டிருந்தார். கழற்றிய மூக்குக்கண்ணாடியைக் குழாய் மேலேயே வைத்திருந்தார்!

“யப்பா!” என்றார் தச்சர். பையை இறக்கி வைத்துவிட்டு மண்டி போட்டார். “அம்மா, இந்தக் கதவு நிஜமாவே திறக்குதும்மா!”

“நீங்க வேலை பாக்க வந்தீங்களா, வேடிக்கை பாக்க வந்தீங்களா?”

அதட்டினாளே தவிர, அவளும் குனிந்து அந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. தன் தம்பியின் கைக்கு இத்தனை பொறுமையா என்று மலைப்பாக இருந்தது.

“அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லு. நாலு அஞ்சு வண்டி கிளம்பணும்.”

சுவிட்சுப் பலகைக்குப் பின்னாலிருந்து தம்பி சொன்னான். வா என்றுகூடக் கேட்கவில்லை.

அதற்குள் அவன் மனைவி, ஒரு கையால் முட்டியைப் பிடித்துக்கொண்டு பலகைக்கு அடியில் நுழைந்து வந்தாள். “வாங்க அண்ணி” என்றவள் நேரே ஸ்டேஷன் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

அக்காவுக்குப் போன கோபம் திரும்பி வந்தது. இவன் விளையாடுவதை இவள் வேறு கைகட்டி நின்று பார்க்க வேண்டுமா?

மணி நாலு அஞ்சு. பன்னிரண்டு பெட்டிகளின் ஜன்னல்களிலும் மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி நகரவில்லை.

நாலு ஆறு. நாலு ஏழு.

“என்னடா, ரிப்பேரா?”

“இல்லக்கா.”

“அப்ப விடேன். உன் வண்டியே லேட்டாகுது!”

தம்பி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நாலு எட்டுக்கு விசில் ஊதினான். வண்டி மெல்லக் கிளம்பி, வளைந்து, பாலம் ஏறி, மலைக்குள் மறைந்து, மறுபக்கம் வந்தது. மற்ற மூன்று பேரும் வண்டியோடு சேர்ந்து தலையைத் திருப்பினார்கள். வண்டி சுவருக்குள் நுழைந்ததும் தம்பி அதன் பின்னாலேயே படுக்கையறைக்குப் போய்விட்டான்.

தச்சர் அரைமனதாகக் கேட்டார். “அம்மா... எங்கேர்ந்து பிரிக்கட்டும்?”

“பிரிக்க வேண்டாங்க” என்றாள் தம்பி மனைவி.

“நீ சும்மா இரும்மா. உனக்காகத்தான் வந்திருக்கேன். இந்த முட்டியை வெச்சுக்கிட்டு...”

“அண்ணி, இங்க பாருங்க.”

ஸ்டேஷன் மேம்பாலத்தின் படிக்கட்டில் ஒரு பெண் பொம்மை, கையில் பையோடு, விழுந்தடித்து ஓடி வந்துகொண்டிருந்தது.

“இது நான்தான்.”

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை.

“எங்கம்மாவுக்கு முடியலைன்னு தகவல் வந்த அன்னிக்கு, நாலு அஞ்சைப் பிடிக்க ஓடி வந்தேன். பாதிப் படியில இருந்தேன். அவரு என்னைப் பாத்தாரு அண்ணி. பாத்துக்கிட்டேதான் கொடியைக் காட்டினாரு. ‘பொண்டாட்டிக்காக நிறுத்தினா நாளைக்கு ஊருக்கே நிறுத்தணும்’னாரு. அடுத்த வண்டியில போய்ச் சேர்றதுக்குள்ள அம்மா போயிட்டாங்க.”

அவள் குரலில் கோபம் இல்லை.

“இருபத்திரண்டு வருஷமாச்சு. அன்னிக்கு அப்புறம் ரெண்டு பேரும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல. ரிட்டையரானதும் இதைக் கட்ட ஆரம்பிச்சாரு. முதல்ல கட்டினது இந்தப் படியைத்தான். மத்த வண்டியெல்லாம் டயத்துக்குப் போகும். இது மட்டும் தினமும் மூணு நிமிஷம் நிக்கும். நான் இறங்கி வந்து ஏற அவ்வளவு போதுமே.”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இங்க பிரிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க கிளம்புங்க” என்று தச்சரை அனுப்பிவிட்டு, “பாவி, இத்தனை வருஷமா மனசுக்குள்ளேயே வெச்சுப் புழுங்கியிருக்கான். நீ அவனை மன்னிச்சிட்டியாம்மா?” என்றாள்.

“எப்பவோ மன்னிச்சாச்சு அண்ணி.”

“அப்ப இரு, நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன்.”

தம்பி மனைவி அவசரமாக அவள் கையைப் பிடித்தாள்.

“ஐயோ, சொல்லிடாதீங்க அண்ணி! சொன்னீங்கன்னா நாளைக்கே வண்டியை நாலு அஞ்சுக்கு அனுப்பிடுவாரு. எனக்காக ஒரு வண்டி நிக்கறதை, நான் இன்னும் கொஞ்ச நாள் பாத்துக்கறேனே!”