பின்சுவர் ஸ்பீக்கர்

மாசிலாமணி வீட்டு ஹாலின் பின்சுவரில், படத்தில் பின்னாலிருந்து வரும் சத்தங்களுக்கென்றே புதிதாக ஒரு சின்ன ஸ்பீக்கரை மாட்டி, சந்தனப் பொட்டு வைத்து, படத்தை ஓடவிட்டார்கள். அரை மணி நேரம் ஆகியும் அதற்குப் பேச ஒன்றுமே வரவில்லை.

டிவிக்குக் கீழே இருந்த பெரிய ஸ்பீக்கர்தான் எல்லா வசனத்தையும் பேசியது. நடுவே, "என்ன தம்பி, ஊமையா? இப்படியே இருந்தா நாளைக்கே கடைக்குத் திருப்பி அனுப்பிடுவாங்க. சும்மா கொர்ருன்னாவது ஒரு சத்தம் குடு," என்றது.

மாசிலாமணியும் திரும்பிப் பார்த்து, "இது வேலை செய்யுதா?" என்று முணுமுணுத்தார்.  ஆனாலும் சின்ன ஸ்பீக்கர் பெரியதிடம், "வராத சத்தத்தை வந்ததா எப்படிண்ணே சொல்றது?" என்று கேட்டுவிட்டு, தன் வயரில் சத்தம் வரட்டும் என்று காத்திருந்தது.

படத்தில் கதாநாயகி ஆளில்லாத வீட்டுக்குள் நுழைந்தாள். அப்போதுதான் சின்ன ஸ்பீக்கரின் வயர் வழியே முதல் சத்தம் வந்தது: பின்னால் யாரோ மெல்லக் கதவைத் திறக்கும் ஒலி. வந்ததை வந்தபடியே, மெதுவாகச் சொன்னது.

"ஐயோ, யாரது?" என்று மாசிலாமணியின் மனைவி செண்பகம் சோபாவிலிருந்து துள்ளி எழுந்து கொல்லைப்பக்கம் ஓடினாள். மாசிலாமணி துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் ஓடினார்.

பெரிய ஸ்பீக்கர் படத்தின் முக்கியமான வசனத்தை உரக்கப் பேசிக்கொண்டிருந்தது. கேட்பதற்கு ஹாலில் ஒருவரும் இல்லை.